நாலு சக்கரமும் இழுக்குதா பாஸ்?

உங்க செல்போன் வால்பேப்பர்ல என்ன இருக்கு? ஹீரோயினா? அதெல்லாம் போன செமஸ்டர்! இப்போ எங்க கிளாஸ்ல பாதிப் பேர் போன்ல நிக்கிறது ஒரு ஜீப். பின்னாடி பனிமலை, மேலே ஒரு டென்ட், பக்கத்துல அடுப்புல டீ கொதிக்குது. 'வேலை கிடைச்ச முதல் வருஷமே வாங்குறோம், லே வரைக்கும் போறோம்'னு கேன்டீன்ல சபதம் எடுக்காத கோஷ்டியே கிடையாது.

சபதம் ஓகே. ஆனா முதல் வருஷச் சம்பளத்துல ஷோரூம் கதவைத் தொட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். கையில இருக்கிற காசுக்கு வரப்போறது செகண்ட் ஹேண்ட் வண்டி. அதுவும் சாதாரண கார் இல்லை, ஃபோர் வீல் டிரைவ். மாருதி 800 வாங்கும்போது ஏமாந்தா அப்பாகிட்ட ரெண்டு நாள் திட்டு. ஃபோர் வீல் டிரைவ்ல ஏமாந்தா ரெண்டு வருஷ சம்பளம் காலி. ஏன்னா சாதாரண வண்டியில இருக்கிற அத்தனை பார்ட்ஸும் இதுல இருக்கு. அதுக்கு மேல இன்னொரு கியர் பாக்ஸ், இன்னொரு புரொப்பல்லர் ஷாஃப்ட், முன்பக்கம் இன்னொரு கிரவுன் வேற இருக்கு. கெட்டுப்போக எக்ஸ்ட்ரா சான்ஸ்!

பயமுறுத்தல இல்ல. பழைய வண்டியில பூமியையே பாதி சுத்தலாம்னு நிரூபிச்ச கதை ஒண்ணு இருக்கு. ஹீரோக்கள் நம்மளை மாதிரி காலேஜ் பசங்க. 1955 செப்டம்பர்ல ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 6 பேர், ரெண்டு லேண்ட் ரோவர்ல லண்டன்ல இருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பினாங்க. ஐரோப்பா, ஈரான், பாகிஸ்தான், இந்தியா, பர்மான்னு ரோட்டு வழியாவே போய் 1956 மார்ச்சில் சிங்கப்பூரைத் தொட்டுட்டாங்க. வண்டிகளோட பேரு 'ஆக்ஸ்ஃபோர்டு', 'கேம்பிரிட்ஜ்'. வண்டி அப்போ புதுசு, கம்பெனியே கொடுத்தது. அதுல என்ன பெருமைங்கிறீங்களா? கிளைமாக்ஸைக் கேளுங்க. அந்த 'ஆக்ஸ்ஃபோர்டு' வண்டி பல கை மாறி, அட்லான்டிக் நடுவுல இருக்கிற செயின்ட் ஹெலினா தீவுல துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. அதை மீட்டு, இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து சரிபண்ணி, 2019 ஆகஸ்ட்ல சிங்கப்பூர்ல இருந்து கிளப்பினாங்க. டிசம்பர்ல லண்டன் வந்து சேர்ந்துடுச்சு. முதல் பயணத்துல போன டிம் ஸ்லெஸ்ஸரோட பேரன் அதை ஓட்டினார். வண்டிக்கு வயசு 64!

அப்போ வயசு பிரச்னை இல்லை. என்ன பிரச்னைன்னு பார்ப்போம்.

முதல்ல ஒரு குண்டு

லேவுக்குப் போக ஃபோர் வீல் டிரைவ் தேவையே இல்லை! பெரம்பலூர்ல இருந்து லே வரைக்கும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல வரும். சீசன்ல அதுல ஏறக்குறைய எல்லாமே ரோடு. ஆல்ட்டோவிலும் ஸ்கூட்டரிலும் போய்ட்டு வந்தவங்க இருக்காங்க. 'ஓவர்லேண்ட்' பயணம்னா சேத்துல குதிக்கிறதோ, பாறை மேல ஏறுறதோ இல்லை. வாரக்கணக்குல ரோட்டு வழியா போறது, வண்டியிலயே சாமான் சட்டி வெச்சுக்கிறது, கிடைச்ச இடத்துல தூங்குறது. இதுல நூத்துக்குத் தொண்ணூறு கிலோமீட்டர் சாதாரண டூ வீல் டிரைவ்லதான் ஓடும். மிச்ச பத்துக்குத்தான் அந்த இன்னொரு லீவர். ஆத்தைக் கடக்கிறப்போ, மழையில கரைஞ்ச மண் ரோட்டுல, மலை ஏத்தத்துல ஜல்லி வழுக்கிறப்போ. அந்த நேரத்துல அது வேலை செய்யலைன்னா, அத்தனை நாள் அதோட வெயிட்டைச் சும்மா சுமந்துட்டு வந்திருக்கீங்கன்னு அர்த்தம்.

ஒரு சின்னக் கணக்கு. ஜிப்ஸி டேங்க் 40 லிட்டர். லிட்டருக்குப் பத்து கிடைச்சா 400 கிலோமீட்டர்ல டேங்க் காலி. மூவாயிரம் கிலோமீட்டருக்கு 300 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்னு வெச்சுக்கிட்டாலே போறதுக்கு மட்டும் முப்பதாயிரம். வர்றதுக்கு இன்னொரு முப்பது. வாங்குற காசை மட்டும் கணக்குப் போட்டுட்டு, ஓட்டுற காசை மறந்த வண்டிகள்தான் வீட்டு வாசல்ல தார்ப்பாய் போர்த்தித் தூங்கிட்டு இருக்கு.

அப்புறம் நம்ம ஊர் மேட்டர். நாலு சக்கரமும் இழுத்தா எதுலயும் மாட்டாதுன்னு நினைச்சுடாதீங்க. ஐப்பசி மழையில பெரம்பலூர் பக்கம் ஒரு பருத்திக் காட்டு ஓரமா இறங்கிப் பாருங்க. செருப்பு ஒண்ணு ரெண்டு கிலோ ஆகிடும். நம்ம கரிசல் மண்ணு டயர் பள்ளத்துல எல்லாம் அப்பிக்கிட்டு, டயரை மொழுமொழுன்னு ஆக்கிடும். அப்புறம் நாலு சக்கரமும் சேர்ந்து வழுக்கும், ரொம்ப ஒற்றுமையா! சாதாரண கிரவுன் இருக்கிற வண்டியில, முன்னாடி ஒரு சக்கரமும் பின்னாடி எதிர்மூலையில ஒரு சக்கரமும் பிடியில்லாம சுத்த ஆரம்பிச்சா மொத்த சக்தியும் அங்கேயே போய்டும். மிச்ச ரெண்டும் சும்மா வேடிக்கை பார்க்கும். இதுக்குத்தான் 'டிஃப் லாக்'னு ஒண்ணு வெச்சாங்க. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் ரெண்டு பக்கமும் அது வரும். அது இல்லாத வண்டியில டிராக்டர்காரர்தான் டிஃப் லாக்.

ஸ்டிக்கர் இருந்தா போதுமா?

பின்னாடி '4x4'ன்னு ஸ்டிக்கர் இருந்தா ஃபோர் வீல் டிரைவ்னு நம்புறவங்க இன்னும் இருக்காங்க. அந்த ஸ்டிக்கர் எந்த ஸ்டிக்கர் கடையிலயும் கிடைக்கும் பாஸ்!

'தார்' பேரைக் கேட்டாலே ஃபோர் வீல்தான்னு ஒரு நினைப்பு. 2010-ல் வந்த முதல் தார்லயே குறைஞ்ச விலை மாடல்ல டூ வீல் டிரைவும் உண்டு. 105 குதிரைசக்தி காமன் ரெயில் டீசல் போட்டது ஃபோர் வீல். 2020-ல் வந்த புதுத் தார் முதல்ல ஃபோர் வீல் மட்டும்தான். 2023-ல் இருந்து டூ வீலும் சேர்ந்துடுச்சு. ஐந்து கதவு ராக்ஸ்ல பெரும்பாலானவை டூ வீல். ஸ்கார்ப்பியோ, சஃபாரி, பொலேரோ... எல்லாத்துலயும் ஃபோர் வீல் டிரைவ் வந்திருக்கு, ஆனா ரோட்டுல ஓடுறதுல ரொம்பக் கொஞ்சம்தான் அப்படி. டஸ்டர்ல 2014-ல் நாலு சக்கரமும் இழுக்கிற மாடல் வந்துச்சு. மழை ரோட்டுக்கு நல்ல வண்டி, ஆனா 'லோ' கியர் கிடையாது.

லோ கியர்னா? மெக்கானிக்கல் பசங்க மன்னிக்கணும், மத்தவங்களுக்காக. சைக்கிள்ல மேடு ஏறும்போது சின்னப் பல்சக்கரத்துக்கு மாத்துவோமே, அதே டெக்னிக். இன்ஜின் கியர் பாக்ஸுக்குப் பின்னாடி இன்னொரு பெட்டி. பழைய தார்ல அந்த லீவரை லோவுக்குத் தள்ளினா சக்கரத்துக்குப் போற இழுவை கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு. வேகம் அதே அளவுக்குக் குறையும். ஆளு நடக்கிற வேகத்துல, ஆக்ஸிலேட்டர் மிதிக்காமலே மேடு ஏறும். இறக்கத்துல பிரேக்கைத் தொடாமலே இறங்கும். என்னைக் கேட்டா, டூர் வண்டிக்கு நாலு சக்கர இழுவையை விட இந்த லோ கியர்தான் தங்கம்.

ஜிப்ஸி தனி ஜாதி. 1985-ல் வந்தது, 1996-ல் 1300 சிசி இன்ஜினோட 'கிங்' ஆச்சு. எடை ஏறத்தாழ ஒரு டன்தான். அதனாலதான் மணல்லயும் சேத்துலயும் பெரிய வண்டிகள் முழிக்கும்போது இது பூனை மாதிரி போய்டும். ஆனா பட்டை ஸ்பிரிங், ரெண்டு பக்கமும். சென்னைக்கு ஒரு தடவை போய்ட்டு வந்தா முதுகெலும்பு எத்தனை மணின்னு எண்ணிச் சொல்லலாம். பாதுகாப்பு விதிகள் இறுகினதும் 2019-ஓடு பொதுமக்களுக்குக் கிடைக்கிறது நின்னுபோச்சு. அதோட வாரிசா 2023-ல் வந்த ஜிம்னி எல்லா மாடலுமே ஃபோர் வீல். இப்போ அதுவும் செகண்ட் ஹேண்ட்ல வர ஆரம்பிச்சிருக்கு.

'மிலிட்டரி வண்டி'ன்னு ஒரு மயக்கம் வேற இருக்கு. ஜோங்கா தெரியுமா? நிஸான் பேட்ரோல் டிசைனை ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில தயாரிச்சாங்க. ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட 4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். 1999 வரைக்கும் வந்துச்சு. பார்க்க யானை மாதிரி இருக்கும். தீனியும் யானை அளவுதான். ராணுவம் ஏலம் விட்ட ஜோங்கா, ஜிப்ஸி எல்லாம் வெளியே கிடைக்கும். ஆனா ராணுவத்துல இருந்தவரைக்கும் அதுக்கு ஆர்.சி. புக்கே கிடையாது. ஏலம் எடுத்தவர் ராணுவப் பேப்பர்களை வெச்சு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பதிவு பண்ணியிருக்கணும். 'பேப்பர் எல்லாம் இருக்கு, நீங்களே பண்ணிக்கலாம் தம்பி'ன்னு யாராவது சொன்னா, சிரிச்ச முகத்தோட வணக்கம் சொல்லிட்டு வந்துடுங்க.

காலையில போங்க, சொல்லாம போங்க

வண்டி பார்க்கப் போற நேரம் முக்கியம். சாயங்காலம் போனா, விக்கிறவர் ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வெச்சிருப்பார். காலையில போங்க. முதல் வேலை, பானெட் மேல கை வைங்க. சூடா இருந்தா ஏதோ மறைக்கிறாங்க. ஜில்லுன்னு இருந்தா ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, நீங்க சைலன்ஸர் பக்கம் போய் நில்லுங்க. நீலப்புகை வந்தா ஆயில் எரியுது. கறுப்புன்னா டீசல் முழுசா எரியல, ஃபில்டரா இருக்கலாம், இன்ஜெக்டரா இருக்கலாம். வெள்ளைப் புகை ஒரு நிமிஷத்துல நின்னா குளிரு, நிக்கவே இல்லைன்னா செலவு. ஓடிட்டு இருக்கும்போதே ஆயில் ஊத்துற மூடியைத் திறங்க. அங்கிருந்து புகை குபுகுபுன்னு தள்ளினா இன்ஜின் வேலை காத்துட்டு இருக்கு. மூடிக்கு அடியில பால் கலந்த காபி மாதிரி ஒட்டியிருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கலாம். அந்தக் காபியைக் குடிக்காதீங்க, வண்டியையும் வாங்காதீங்க.

அடுத்தது சட்டை அழுக்காகுற வேலை. வண்டிக்கு அடியில படுங்க! ஒரு கோணியும் டார்ச் லைட்டும் போதும். பளபளன்னு புது பெயின்ட் அடிச்ச ஜீப்பைப் பார்த்ததும் பாதிப் பேர் விழுந்துடுறாங்க. பட்டி பார்த்து பெயின்ட் அடிக்க ஒரு வாரம் போதும். அடியில இருக்கிற சேஸிஸ் அப்படி இல்லை. பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடம், பின் சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கிற பகுதி, ஃப்ளோர் மேட்டுக்குக் கீழ... இங்கெல்லாம் துரு தின்னிருக்கான்னு பாருங்க. சாவியால தட்டினா 'டங்'னு சத்தம் வரணும். 'பொத்'துன்னா கைவிட்டுடுங்க. நாகப்பட்டினம், கடலூர்னு கடலோரத்துல ஓடின வண்டின்னா ரெண்டு மடங்கு உஷார். சென்னை வண்டின்னா, 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் அது எங்க நின்னுச்சுன்னு கேட்டுடுங்க. கேட்டா சொல்ல மாட்டாங்க. சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்துப் பாருங்க. கடைசி ஒரு அடியில சேத்துக்கறை இருந்தா, அது சொல்லிடும்.

அடியில படுத்திருக்கும்போதே தலையாய செக்கிங்: முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் இருக்கா? சிரிக்காதீங்க. மைலேஜ் மிச்சம் பிடிக்கிறேன்னு, இல்ல ரிப்பேர் செலவுக்குப் பயந்துட்டு, அதைக் கழட்டிப் போட்ட ஜீப்புகள் நிறைய உண்டு. உள்ள லீவர் இருக்கும், '4H' எழுத்தும் இருக்கும், தள்ளினா விழவும் செய்யும். ஆனா முன் சக்கரத்துக்கு ஒண்ணும் போகாது. காயலான் கடைக்குப் போன அந்தக் கம்பியைத் தேடி நீங்க ஊர் ஊரா அலையணும்.

இருக்குன்னா, வேலை செய்யுதான்னு பார்க்கணும். இங்க கொஞ்சம் இன்ஜினீயரிங். வண்டி திரும்பும்போது நாலு சக்கரமும் நாலு வேற தூரம் ஓடுது. முன் சக்கரங்கள் பெரிய வட்டம், பின் சக்கரங்கள் சின்ன வட்டம். பழைய ஜீப், ஜிப்ஸி, தார் வகையறாவில் ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் ஒண்ணா கட்டிப்போட்ட மாதிரி ஆகிடும். மண்ணுன்னா டயர் கொஞ்சம் வழுக்கி அட்ஜஸ்ட் பண்ணிக்கும். தார் ரோட்டுல வழுக்காது. ஷாஃப்டும் கியரும் முறுக்கிக்கிட்டு நிக்கும். அதனால தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டு வேகமா ஓட்டினா கியர் பாக்ஸுக்கு சமாதி. ஆனா இதையே டெஸ்டா மாத்தலாம். கெட்டியான தரையில ஃபோர் வீல் போட்டு, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, மூணு நாலு அடி மட்டும் மெதுவா நகர்த்துங்க. யாரோ பிரேக் பிடிச்ச மாதிரி வண்டி திணறினா சந்தோஷப்படுங்க, முன் சக்கரம் வேலை செய்யுது. சாதாரணமா சுத்தி வந்தா, பேரம் பேச வேண்டியது டூ வீல் டிரைவ் விலைக்கு!

அப்புறம் மண் ரோட்டுல லோ போட்டு, முதல் கியர்ல கொஞ்ச தூரம். லீவர் தானா வெளியே எகிறினாலோ, கரகரன்னு அரைச்சாலோ, டிரான்ஸ்ஃபர் கேஸ் தேய்ஞ்சு போச்சு. ஜிப்ஸியில முன் சக்கரத்துக்கு உள்பக்கம் உருண்டையா ஒரு பாகம் தெரியும். அதுல கிரீஸும் ஆயிலும் கலந்து வழிஞ்சா சீல் போயிடுச்சு. ரோட்டுல அறுபது எழுபதுல போகும்போது ஒரு சின்னக் குழியில விழுந்ததும் ஸ்டியரிங் கிடுகிடுன்னு நடுங்க ஆரம்பிச்சு நிக்கவே மாட்டேங்குதா? பழைய ஜீப்காரங்க இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. சிரிக்கிற மேட்டர் இல்லை. கிங் பின், புஷ், டை ராடு எல்லாம் பார்க்காம ஹைவே பக்கம் போகவே கூடாது.

டயரையும் விட்டுடாதீங்க. பட்டன் ஆழம் மட்டும் பத்தாது, பக்கவாட்டுல நாலு எண் இருக்கும். 2319-னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. அஞ்சு டயரும் மாத்தணும்னா விலையில இப்பவே குறைக்கச் சொல்லுங்க.

இவ்வளவும் பார்த்துட்டு, ஊருக்குள்ள பழைய ஜீப் வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குக் கொடுக்கிற ஒரு நாள் கூலிதான் இந்த மொத்த விவகாரத்துலயும் லாபமான முதலீடு. இன்னொண்ணு, கையில இருக்கிற பணம் முழுசையும் வண்டிக்கே கொடுக்காதீங்க. நாலுல ஒரு பங்கை எடுத்து வைங்க. பிரேக், டயர், பெல்ட், ஹோஸ், எல்லா ஆயிலும் மாத்துறதுன்னு முதல் மாசமே அது கரைஞ்சுடும்.

இன்ஜினை விட முக்கியமான பார்ட்

அது பேப்பர். இன்ஜின் போனா மாத்திக்கலாம். பேப்பர் தப்புன்னா வண்டியே உங்களுது இல்லை.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி பதிவு எண்ணை எம்-பரிவாஹன் ஆப்ல போடுங்க. எப்போ பதிவாச்சு, இன்ஷூரன்ஸ் உயிரோட இருக்கா, லோன் பாக்கி இருக்கான்னு வந்துடும். அபராத செலான் பாக்கியையும் பார்த்துடுங்க. சேஸிஸ்ல குத்தியிருக்கிற எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யில இருக்கிறதோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். அந்த இடத்துல சுரண்டின தடயமோ, புது வெல்டிங்கோ இருந்தா திரும்பிப் பார்க்காம நடங்க. திருட்டு வண்டியான்னு சரிபார்க்க தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தோட 'வாகன் சமன்வய்' சேவை இருக்கு. லோன்ல வாங்கின வண்டின்னா, பேங்க்கோட தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேணும். பேர் மாத்த படிவம் 29, படிவம் 30. வெளிமாநில வண்டின்னா படிவம் 28 அங்கிருந்து வாங்கிட்டு வரணும். அதுக்கு மேல இங்க வரியும் கட்டணும். டெல்லி டீசல் வண்டி சல்லிசா கிடைக்குதுன்னு துள்ளாதீங்க. பத்து வருஷம் ஆன டீசலுக்கு அங்க 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டுச்சு, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுச்சு. விலை இறங்கினதுக்கு அதுதான் காரணம். ரயில், லாரி, வரி எல்லாம் சேர்த்தா சல்லிசு சல்லிசா இருக்காது.

பெரம்பலூர் TN-46, அரியலூர் TN-61-ன்னு நம்ம பக்கத்து நம்பரா இருந்தா வேலை சுலபம். ஒரே மாநிலத்துக்குள்ள, வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும். 'அப்புறம் மாத்திக்கலாம்'ங்கிறது நம்ம ஊர்ல ரொம்பப் பிரபலமான வசனம். 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல தெளிவா சொல்லிடுச்சு: ஆர்.டி.ஓ. பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் உரிமையாளர், விபத்து நடந்தா நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். அதாவது உங்ககிட்ட ஜீப்பை வித்துட்டு நிம்மதியா தூங்குற ஏதோ ஒரு பெரியவர், நீங்க மணாலியில இடிச்சதுக்குக் கோர்ட் படி ஏறணும். பாவம் இல்லையா?

வயசான வண்டிக்கு இன்னொரு செலவு. சொந்த வண்டிப் பதிவு 15 வருஷம். அதுக்கப்புறம் தகுதிச் சோதனை பாஸ் பண்ணி அஞ்சஞ்சு வருஷமா நீட்டிக்கணும். 2022 ஏப்ரல்ல காருக்கான அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆச்சு. 20 வருஷம் தாண்டின வண்டிக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆச்சு. பசுமை வரி தனி. 'சீப்பா முடிச்சிட்டோம் மச்சி'ன்னு 14 வருஷ வண்டியை வாங்கினவனுக்கு அடுத்த வருஷமே இந்தப் பில் வரும்.

மாடிஃபிகேஷன் கேஸும் இங்கதான் வருது. ஹரியானாவில் மண்டி டப்வாலின்னு ஒரு ஊரு. பழைய ஜீப்பைப் பிரிச்சுப் போட்டு, பெரிய டயரும் குரோம் பம்பரும் மாட்டி, நாடு முழுக்க அனுப்புறதுல ரொம்பப் பேமஸ். பார்க்க செம கெத்து! ஆனா மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. முன்னாடி மாட்டுற இரும்பு கார்டையும் 2017 டிசம்பர்லயே மத்திய அரசு எதிர்த்துட்டுது. ஆர்.சி.யில 'ஹார்டு டாப்'னு இருக்கு, வண்டி மேல கூரையே இல்லைன்னா, பிரச்னை கூரையில இல்லை, உங்க தலையில.

ஆளுக்கு நாலு டயர்ல ஒண்ணு

நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து வாங்குறது. கேட்க ஜாலி. ஆர்.சி. யார் பேர்ல? கோர்ஸ் முடிஞ்சு ஒருத்தன் சென்னை, ஒருத்தி பெங்களூரு, ஒருத்தன் துபாய்னு பிரிஞ்சப்புறம் இன்ஷூரன்ஸ் யார் கட்டுறது? வண்டி இடிச்சா நோட்டீஸ் யார் வீட்டுக்கு வரும்? ஒருத்தர் பேர்லதான் இருக்கும், அவர் வீட்டுக்குத்தான் வரும். அதனால அந்த ஒருத்தர் தன்னோட காசுல வாங்கட்டும், மத்தவங்க பெட்ரோலும் சாப்பாடும் பார்த்துக்கட்டும்னு விட்டுடுறது நட்புக்கு நல்லது. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் கொடுத்துடுங்க.

இன்னொரு விஷயம், அம்மா கேட்டா சந்தோஷப்படுவாங்க. பழைய ஜீப்ல ஏர் பேக் கிடையாது. உயரம் ஜாஸ்தி, நீளம் கம்மி. திருச்சி-சென்னை ஹைவேயில நூத்துப்பத்துல போய் திடீர்னு ஒடிச்சா கவிழும். பின்னாடி எதிரெதிரா இருக்கிற பெஞ்ச் சீட்ல பெல்ட் இருக்காது. அங்க ஆறு பேரை அடைச்சுக்கிட்டு பாட்டுப் போட்டுப் போறதுதான் ரீல்ஸ்ல வருது, அடுத்த சீன் வர்றதில்லை. எண்பதைத் தாண்டாதீங்க. லேவுக்கு ஒரு நாள் லேட்டா போனா பனி உருகிடாது.

எங்கே ஓட்டிப் பார்க்கலாம்?

பிரேக்கையும் ரேடியேட்டரையும் சோதிக்கணும்னா கொல்லிமலைக்குப் போங்க, 70 கொண்டை ஊசி வளைவு. எழுபதாவது வளைவுலயும் டெம்பரேச்சர் முள் நடுவுலயே நின்னா அந்த வண்டியோட எங்கயும் போகலாம். கிட்டக்கன்னா பச்சைமலை. தார் ரோட்டை விட்டு இறங்கினா ரிசர்வ் காடு, வனத்துறை அனுமதி இல்லாம சக்கரம் வைக்கக் கூடாது. அரியலூர் தெற்கு எல்லையில கொள்ளிடம், மணலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா ராத்திரி ஆத்துக்குள்ள ஜீப்பை இறக்கினா நீங்க டெஸ்ட் டிரைவ் பண்றீங்கன்னு யாரும் நம்ப மாட்டாங்க. மணல் கோஷ்டின்னு வண்டியோட ஸ்டேஷன்தான்! அரியலூரைச் சுத்தி சுண்ணாம்புக்கல் சுரங்கம் நிறைய. சிமென்ட் கம்பெனி இடம், உள்ள போக அனுமதி கிடையாது. கைவிட்ட குழிகள்ல தண்ணி எவ்வளவு ஆழம்னு மேல இருந்து தெரியாது. தெரிஞ்சவங்க வயல் ஓரம், அறுவடை முடிஞ்ச மக்காச்சோளக் காடு, அவங்ககிட்ட கேட்டுட்டு. அதுதான் பெஸ்ட் கிரவுண்டு.

ஒரு இடம் மட்டும் வேண்டவே வேண்டாம். பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் தாலுகாவில் இருக்கிற காரை. செம்மஞ்சளா மேடும் பள்ளமும், மழைநீர் அரிச்ச ஓடைகளும்... போட்டோவுல பார்த்தா வேற கிரகம் மாதிரி இருக்கும். ஜீப்காரங்க கண்ணுக்கு அது ஆஃப் ரோடு டிராக்காத்தான் தெரியும். ஆனா அது ஏறக்குறைய பத்து கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்த கடலோட அடித்தளம். சுருண்ட ஓடு வெச்ச அம்மோனைட் மாதிரியான கடல் உயிர்களோட படிமங்கள் அந்தக் களிமண்ணுல இருக்கு. உலகப் புவியியல் புத்தகங்கள்ல 'காரை'ங்கிற நம்ம ஊர் பேரே அந்த மண் அடுக்குக்குப் பேர். பக்கத்துல சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் கிடக்கு. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டு சொன்னார். அதுக்கு வேலி இருக்கு. காரைக்கு அப்படி இல்லை. அந்த மண்ணு ரொம்ப மென்மை. ரெண்டு டன் வண்டியோட டயர் ஒரு சரிவுல ஏறினா பள்ளம் விழும், அடுத்த மழையில அந்தப் பள்ளமே ஓடையாகும். உள்ள இருந்த சங்கும் ஓடும் அதோட நொறுங்கும்.

வண்டியை ரோட்டு ஓரத்துலயே நிறுத்திட்டு நடந்து இறங்குங்க. வெயில்ல பளிச்னு கண்ணாடி மாதிரி மின்றது ஜிப்சம். கையில எடுத்துப் பாருங்க, அங்கேயே வெச்சுடுங்க. காலையில ஏழு மணிக்குப் போனா போட்டோ சூப்பரா வரும். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி எடுத்துக்கோங்க, அந்த மேட்டுல நிழல் தேடினா ஜீப்போட நிழல் மட்டும்தான்.